செங்கல் வைத்த குப்பைத் தொட்டிகள்

எங்கள் புகைப்படக் கழகத்தில் ஒரு விதி உண்டு. நடுவர் படத்தைத் திரையில் பார்த்துப் பேசும்போது, எடுத்தவர் மட்டுமல்ல, யாருமே வாயைத் திறக்கக் கூடாது. எடுத்தவர் பெயரையும் சொல்வதில்லை. சிட்னியின் தென்கோடியில் ஒரு சாரணர் கூடத்தில் கூடும் இந்தக் கழகத்துக்குப் பதினோரு வருடமாகத் தலைவர் நான்தான். விதியைக் கட்டிக் காத்தவனும் நான்தான்.

ஆனால் நெரிடாவின் படத்துக்குப் பெயரே தேவையில்லை, பார்த்ததுமே தெரிந்துவிடும். நாங்களெல்லாம் ஐஸ்லாந்து, பாலைவனம் என்று பறப்போம். அவள் கணவர் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். காலையில் செவிலி வந்து அவரைக் கவனிக்கும் ஒரு மணி நேரம்தான் அவளுக்கு வெளியுலகம். கழகம் கூடும் மதியத்துக்கு மட்டும் மகள் வந்து பார்த்துக்கொள்வாள். அந்த ஒரு மணி நேரத்துக்குள் நடந்து திரும்ப முடிகிற தெருக்களைத்தான் எடுப்பாள். மின்கம்பி, பேருந்து நிறுத்தம், யார் வீட்டு வேலியோ. இரண்டு வருடமாகப் பதினைந்துக்கு ஐந்து, ஆறு என்றே மதிப்பெண். எனக்கும் அவை சப்பென்றுதான் இருந்தன.

அந்தச் சனிக்கிழமை மதியம் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"டெஸ், பதினஞ்சுக்குப் பத்து மார்க்காவது வரணும். இன்னைக்கும் வரலைன்னா கேமராவ வித்துட்டு வீட்டோட கெடக்கப் போறேன்."

"சும்மா பயமுறுத்தாத."

"நெஜமாத்தான் சொல்றேன்."

என் ஐஸ்லாந்து அருவிக்குப் பதினான்கு கிடைத்தது. மரியாதையாகக் கை தட்டினார்கள். அடுத்து நெரிடாவின் படம் வந்தது.

குப்பை வண்டி வரும் காலை. மழை விட்ட தெருவில் சிவப்பு மூடித் தொட்டிகள் வரிசையாக நின்றன. ஒன்றின்மேல் செங்கல், ஒன்றின்மேல் தண்ணீர் நிரப்பிய பால் கேன், இன்னொன்றின் மூடிக்குப் பின்னால் செருகிய பழைய ஷூ. முதல் தொட்டியின்மேல் காக்கட்டூ என்கிற பெரிய வெள்ளைக் கிளி ஒன்று உட்கார்ந்து, தலையைச் சாய்த்துச் செங்கல்லை ஆராய்ந்துகொண்டிருந்தது.

நடுவர் நகரத்துக்கு அந்தப் பக்கத்துக்காரர். எங்கள் பக்கம் போல அங்கே காக்கட்டூக்கள் இன்னும் குப்பைத் தொட்டி மூடியைத் திறந்து மேயப் பழகவில்லை போலும்.

"தொட்டிமேல எதுக்கு இவ்ளோ சாமான்? எல்லாத்தையும் எடுத்துட்டுப் படம் புடிச்சிருக்கலாம். ஒம்பது" என்றார்.

நெரிடாவின் கை பைக்குப் போனது.

"சாமானா? அது என் செங்கல்லு சார்!" என்று என் தெருக்காரன் கோஸ்டா எழுந்துவிட்டான். "எடுத்தா அந்தத் திருடி மூடியத் தொறந்து தெரு பூரா கோழி எலும்ப எறைச்சிடுவா."

"செங்கல்ல தள்ளிவிடவும் கத்துக்கிட்டா கோஸ்டா" என்றாள் அதே தெரு மேவிஸ். "அதான் நான் ஷூவுக்கு மாறிட்டேன்."

"அமைதி!" என்று எழுந்தேன். அப்போதுதான் நான்காவது தொட்டியைக் கவனித்தேன். அதன்மேல் பளிங்குப் பீடத்தோடு நின்றது, ஆண்டின் சிறந்த படக்கலைஞர் என்று எனக்குக் கொடுத்த கோப்பை.

பின்வரிசையிலிருந்து என் மனைவி பெவர்லி சொன்னாள்: "வேற எதுவும் அவ்ளோ கனமா கெடைக்கல டெஸ்."

கூடமே சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. இருபத்தாறு வருடமாக நான் குடியிருக்கும் தெரு. இத்தனை பிடிவாதமும் தந்திரமும் அங்கே நடக்கிறது, எனக்குத் தெரியவில்லை. பொறாமையாக இருந்தது. அதைவிட, என்ன அருமையான படம் என்றிருந்தது.

நடுவர் நாற்காலியைத் திரைக்கருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "மார்க்க மாத்தலாமா?"

"விதிப்படி முடியாது" என்று பழக்கதோஷத்தில் சொல்லித் தொலைத்தேன்.

நெரிடா பையைத் தோளில் மாட்டினாள்.

"ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் எங்க தெருவுக்கு வாயேன். நாங்க தொட்டிமேல ரப்பர் பாம்பு வச்சிருக்கோம்!" என்று யாரோ கத்தினார்கள்.

"ரொம்ப தூரம். ஒரு மணி நேரத்துல திரும்ப முடியாது" என்றாள். வாசலை அடைந்துவிட்டாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். "குப்பை வண்டி வர்ற செவ்வாய்க்கெழம காலைல உன் வீட்டுக்காரர்கூட நான் ஒக்காந்துக்கறேன். செவிலி போனப்புறமும் இருக்கேன். நீ ரெண்டு மணி நேரம் எடுத்துக்க."

"ரெண்டு மணி நேரமா?" அவள் கதவைப் பிடித்தபடி கணக்குப் போட்டாள். "அப்போ ரயில் பாதைக்கு அந்தப் பக்கமும் போயிடலாமே."