முப்பத்து மூன்று பேருக்கு விருப்பமில்லை

எந்தத் துணியாக இருந்தாலும் சலாவுதீன் முதலில் அதை உள்பக்கம் திருப்பித்தான் பார்ப்பார். ஏற்றுமதி நிறுவனங்களில் இருபத்திரண்டு ஆண்டுகள் தரம் பார்த்த கை அது. பிறகு திருப்பூரை ஒட்டிய அனுப்பர்பாளையத்தில், பாத்திரப் பட்டறைகளின் தட்டும் ஓசைக்கு நடுவே, பனியன்களைச் சோதித்து, தேய்த்து, பெட்டியில் அடுக்கும் சிறு யூனிட் ஒன்றைச் சொந்தமாகத் தொடங்கினார். கை மட்டும் பழைய வேலையை விடவில்லை. பெருநாளுக்கு மனைவி பேகம் எடுத்து வைக்கும் புதுச்சட்டைகூட அவரிடம் ஒருமுறை தோலுரிந்த பிறகுதான் உடம்பில் ஏறும். மகளின் நிக்காஹ் அன்று மாப்பிள்ளையைத் தழுவி வாழ்த்தும்போது அவருடைய விரல்கள் ஷெர்வானியின் கழுத்துக்குள் நுழைந்து மடிப்பைத் தடவின. அதைக் கண்ட பேகம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"மாப்ளயப் பாருங்கன்னா துணியப் பாக்கறீங்களே!"

"மேல்பக்கம் கடைக்காரன் காட்டறது. உள்பக்கந்தான் தச்சவன் யாருன்னு சொல்லும்" என்று அவர் அதற்கும் விடை வைத்திருந்தார்.

இத்தனை கண்டிப்பான மனிதர், உள்பக்கம் திருப்பிப் பாராமலே தீர்ப்பு எழுதிவிட்ட பொருள் ஒன்றும் உலகத்தில் இருந்தது. அது அரசு மருத்துவமனை. முப்பது ஆண்டுகளுக்கு முன் அவருடைய அத்தா, படுக்கை கிடைக்காமல், ஓர் அரசு மருத்துவமனையின் வராந்தாவில் மூன்று நாள் பாயில் கிடந்தார். பிழைத்து வீடு திரும்பிப் பதினோரு ஆண்டுகள் நன்றாக வாழவும் செய்தார். மகன் நெஞ்சில் தங்கியதோ அந்த வராந்தா மட்டுமே. தரம் தேறாத பனியன்களைக் கூறுகட்டி விற்பார்களே, அதற்குத் திருப்பூரில் செகண்ட்ஸ் என்று பெயர். "சும்மா குடுக்கற வைத்தியம் செகண்ட்ஸ்தானுங்க" என்பது பேக்கரியில் தேநீர் ஆறும்வரை அவர் நடத்தும் வாதத்தின் முதல் வரியும் கடைசி வரியும்.

ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு அன்புசெல்வி அவருடைய யூனிட்டுக்கு வந்தாள். தொழிலாளர் இருக்கும் இடத்துக்கே சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, தேவைப்பட்டவருக்கு மாத்திரை கொடுக்கும் அரசுத் திட்டத்தில் அவள் பணியாளர். அதற்குமுன் இரண்டு ஆண்டுகள் இதே யூனிட்டில் பனியனில் நூல் பிசிறு வெட்டியவள். ஆகவே வாசலில் அவளுக்கு அச்சமில்லை.

"வாங்க அம்மணி. கத்திரிய வெச்சுப்போட்டு ஊசியத் தூக்கிட்டீங்களாக்கும்?"

"துணியில பிசிறு பாத்தது போதுமுங்க பாய். இப்ப ஆளுகிட்டப் பாக்கறனுங்க. முப்பத்தெட்டுப் பேரையும் ஒருக்கா வரச் சொல்லுங்க. மதியத்துக்குள்ள முடிச்சுப்போடலாம்."

மாலை நான்கு மணிக்குப் பெட்டிகள் கண்டெய்னரில் ஏற வேண்டும். சலாவுதீன் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தமக்கு மிகவும் பிடித்த வாதத்தைக் கையிலெடுத்தார்.

"இல்லாதவனுக்குக் குடுக்கட்டும், நான் வேண்டாங்கல. கார் வெச்சிருக்கற எனக்கும் எதுக்கம்மணி சும்மா மாத்திர? வரிப்பணம் மரத்துலயா காய்க்குது? சும்மான்னாக் கூட்டம் சேரும். கூட்டம் சேந்தாக் காத்துக் கெடக்கோணும். காத்துக் கெடக்கறவனுக்கு நோவு முத்திப்போகும்."

"நீங்க சொல்றது நெசந்தானுங்க" என்றாள் அன்புசெல்வி. "ஆளு பத்தாது, சில மாசம் மருந்து வரத் தாமசமாகும். எனக்கே தெரியுமுங்க. ஆனா இல்லாதவங்களுக்கு மட்டும்னு ஒதுக்கி வெச்சுப் பாருங்க, அது கெட்டுப்போனாக் கேக்க நாதியிருக்காது. நீங்க வந்து வரிசையில நின்னு ஒரு சத்தம் போட்டா நாளைக்கே ஃபேன் சுத்தும். நம்ம அயர்ன் மாஸ்டர் கன்னையண்ணன் போட்டாச் சுத்துமுங்களா?"

விடை இல்லாத இடத்தில் மனிதன் தன் தொழிலுக்குள் புகுந்துகொள்வது வழக்கம்.

"சரி. எங்க முறையிலயே செய்யலாம். சரக்கு வாங்கற ஜெர்மன்காரன் நானூறு பொட்டியில பதிமூணப் பிரிச்சுப் பாத்துப்போட்டு மொத்த லாட்டுக்கும் கையெழுத்துப் போடறான். நீங்க அஞ்சு பேரப் பாருங்க. அஞ்சும் தேறினா லாட்டே தேறின மாதிரி."

"லாட்டுக்கெல்லாம் ஒரே நூலுங்க பாய். ஆளுக்கு ஆளு வேற நூலு."

அவர் கேட்கவில்லை. ஆனால் தொழில் தர்மம் தவறாமல், வேண்டியவர் வேண்டாதவர் பாராமல், வருகைப் பதிவேட்டில் ஏழாவது பெயர், பதினான்காவது பெயர் என்று எண்ணி ஐந்து பேரை அழைத்தார். அவர்கள் எழுந்து வருகையில், ஆறடி உயரமும் ஆவியில் வெந்த முகமுமாகக் கன்னையன் பின்னால் வந்து நின்றான். குன்னத்தூர்க்காரன், பதினாறு ஆண்டுகளாக அவரிடம் துணி தேய்ப்பவன்.

"பாய், என்னையும் ஒருக்காப் பாத்துட்டாத் தேவலைங்க. ரெண்டு நாளா தல கிறுகிறுங்குது."

"நீ நகந்தா டேபிள் நிக்கும். டேபிள் நின்னா கண்டெய்னர் நிக்கும். ஸ்டீம் சூடுதான் கன்னையா. மோர் குடி. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"செரீங்க பாய்" என்று சிரித்துவிட்டு அவன் போய்விட்டான்.

ஐந்து பேரும் நலமாக இருந்தார்கள். அன்புசெல்வி பதிவேட்டை நீட்டினாள். "மீதிப் பேரைப் பாக்காததுக்குக் காரணம் எழுதோணுமுங்க. கீழ உங்க கையெழுத்து." சலாவுதீன் முப்பத்து மூன்று பெயர்களையும் ஒரே அடைப்பில் வளைத்து, "விருப்பமில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டார். அவள் அந்தச் சொல்லைப் படித்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பையை மூடிக்கொண்டாள்.

ஏரிக்கரையைக் காக்க நியமிக்கப்பட்ட நரி ஒன்று இருந்ததாம். மழைக்கு முன் கரை முழுவதும் நடந்து பார்ப்பது அதன் கடமை. நரியோ ஐந்து இடங்களில் மண்ணை முகர்ந்து பார்த்துவிட்டு, கரை உறுதி என்று அரசனிடம் சத்தியம் செய்தது. ஐந்து இடமும் உண்மையிலேயே உறுதிதான். ஆனால் வந்த வெள்ளம், நரி எங்கெங்கே முகர்ந்தது என்று கேட்டுக்கொண்டு வரவில்லை. ஆறாவது இடத்தில் நண்டு துளைத்த வளை வழியே ஊருக்குள் புகுந்தது.

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு யூனிட்டில் துணி தீயும் வாசம் எழுந்தது. கன்னையன் ஒரு நாளும் துணியைத் தீய்த்ததில்லை என்பதால் எல்லோரும் திரும்பினார்கள். தேய்ப்புப் பெட்டி வெள்ளைப் பனியன்மேல் அப்படியே நிற்க, அவன் மேசையைப் பிடித்துக்கொண்டு சரிந்துகொண்டிருந்தான். வாய் ஒருபுறம் கோணியிருந்தது. வலக்கை, ஹேங்கரில் மாட்டிய சட்டைக் கைபோலத் தொங்கியது.

சலாவுதீன் காரை எடுக்க ஓடினார். கோவையில் தமக்குத் தெரிந்த தனியார் மருத்துவமனைக்கே கொண்டுபோவது என்று முடிவு கட்டியிருந்தார். அதற்குள் யாரோ அழைத்த 108 ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்துவிட்டது. அதிலிருந்து இறங்கிய பணியாளர் கன்னையனின் கையைத் தூக்கிப் பார்த்தார்.

"பக்கவாதமுங்க. நாலரை மணி நேரத்துக்குள்ள ஊசி போடோணும். கவர்மெண்டு பெரியாஸ்பத்திரியில இருக்குது, பதினஞ்சே நிமிசம். கோயம்புத்தூர்ன்னா ரோட்டுலயே நேரம் போயிருமுங்க."

கன்னையனின் மனைவி காளியாத்தாள், பக்கத்துப் பட்டறையில் பாத்திரத்துக்குப் பாலிஷ் போடுகிறவள், கரி படிந்த கையோடு ஓடிவந்திருந்தாள். "ஏத்துங்க சாமி" என்றாள். அவ்வளவுதான். சலாவுதீன் அவர்கள் பின்னால் காரில் போனார்.

அன்றுதான் அவர் அந்தப் பொருளை உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். பழுதுகள் முதலில் கண்ணில் பட்டன. கூடத்தில் மூன்று மின்விசிறிகளில் ஒன்று சுற்றவில்லை. ஒரு பெஞ்சில் ஐந்து பேர் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். சக்கர நாற்காலி தள்ளுகிறவர் கிழவர் ஒருவரிடம் எரிந்து விழுந்தார். ஸ்கேன் அறைக்கு முன்னே வேறொரு நோயாளி கிடக்கக் கண்டதும், சலாவுதீன் பை நிறையப் பணம் இருப்பதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு மருத்துவரிடம் போனார். ஜெயபாரதி என்ற அந்த இளம் மருத்துவர் நின்றுகொண்டே எழுதிக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, எவ்வளவு ஆனாலும் கட்டறனுங்க. எங்காள முதல்ல எடுத்துருங்க."

"கட்டறதுக்கு இங்க கவுண்டரே இல்லைங்க. உள்ள போறவர் பீகார் பையன், மண்டையில அடி, மூச்சு இழுக்குது. அவர் முதல்ல. அடுத்தது உங்காளு. அதுக்குள்ள இவருக்கு பிரஷர இறக்கோணும். நகருங்க."

சொன்னபடியே நடந்தது. பன்னிரண்டாம் நிமிடம் ஸ்கேன். அழுத்தம் இறங்கியதும் ஊசி. வெளியே அந்த ஊசியின் விலை காளியாத்தாளின் பல மாதக் கூலி என்று சலாவுதீனுக்குத் தெரியும். இங்கே அவளிடம் ஒருவரும் விலை சொல்லவில்லை. இவன் யார், எந்த ஊர், யார் பொறுப்பு என்று பேரம் நடக்கவில்லை. எந்த உயிர் முதலில் என்பதை நோய் தீர்மானித்தது. சுவரில் கறை இருந்தது. தையல் நேராக இருந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் பார்த்த கண், அந்தத் தையலைப் பார்த்துத் தலைகுனிந்தது.

தலை இன்னும் குனியவேண்டியிருந்தது. செய்தி கேட்டு அன்புசெல்வி பதிவேட்டோடு வந்து சேர்ந்தாள். முன்பு அழுத்தம் எவ்வளவு இருந்தது என்று அறிய மருத்துவர் அதை வாங்கிப் புரட்டினார். வார்டில் பத்துப் பேர் கேட்க அவர் குரல் உயர்ந்தது.

"மூணு நாளைக்கு முன்னால கம்பெனிக்கே வந்திருக்காங்க, 'விருப்பமில்லை'ன்னு சொல்லியிருக்காரு! ஏம்மா, வாசலுக்கு வர்ற வைத்தியத்த வேண்டாம்னு திருப்பி அனுப்பினா நாங்க என்னதான் பண்றது?"

"என்ற ஊட்டுக்காரர் அப்பிடிச் சொல்ற ஆளில்லீங்களே..." என்று காளியாத்தாள் குழறினாள். பேச்சிழந்து கிடந்த கன்னையனின் கண்கள் சலாவுதீனை நோக்கின. அன்புசெல்வியும் அவரையே பார்த்தாள். அவர் கார் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

வீட்டில் அவர் சோற்றைப் பிசைந்தபடி இருப்பதைப் பேகம் இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள், "உங்களத் திருப்பிப் போட்டுப் பாக்க ஒரு ஆளு வேணும்போல" என்றாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். "எங்கிட்டச் சொல்லி என்ன ஆகுது?" என்று கேட்டுவிட்டு அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை. வார்டில் கன்னையன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வலக்கை விரல்கள் மெல்ல மடங்கி விரிந்தன. ஆறு மாதத்தில் கை பெரும்பாலும் திரும்பிவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். முதலாளியைக் கண்டதும் அவன் கோணல் வாயால் சிரித்து, ஒவ்வொரு சொல்லாகக் கோத்தான்.

"நீங்க... சொன்னபடி... மோர் குடிச்சனுங்க பாய்."

சலாவுதீன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "கன்னையா, நீ கேட்ட. நாந்தான் விடல. விருப்பமில்லைன்னு எழுதினதும் நாந்தான். என்னய மன்னிச்சுரு." பிறகு காளியாத்தாளிடம் திரும்பினார். "இவன் கை சரியாகற வரைக்கும் சம்பளம் ஊடு தேடி வரும் அம்மணி."

காளியாத்தாள் அழவுமில்லை, கும்பிடவுமில்லை.

"சம்பளம் கெடக்கட்டுங்க. இங்க எங்க காதுல சொன்னா ஆச்சுங்களா? அன்னிக்குப் பத்துப் பேர் கேக்க இவர டாக்டரம்மா பேசினாங்க. பத்துப் பேர் கேக்கச் சொல்லுங்க."

மருத்துவர் ஜெயபாரதி சுற்றுக்கு வரும்வரை சலாவுதீன் ஒன்றரை மணி நேரம் வராந்தாவில் காத்து நின்றார். ஒரு காலத்தில் இப்படி ஒரு வராந்தாவில்தான் அத்தா பிழைத்தார் என்ற எண்ணம் அவருக்கு அன்றுதான் வந்தது. பதிவேட்டோடு வரும்படி அன்புசெல்வியையும் அழைத்திருந்தார். மருத்துவர் வந்ததும் வார்டின் நடுவே போய் நின்று, பேக்கரியில் வாதாடும் அதே குரலில் பேசினார்.

"டாக்டரம்மா, அன்னிக்கு நீங்க திட்டினது ஆள் மாறிப்போச்சுங்க. இவன் பாக்கச் சொல்லிக் கேட்டான். கண்டெய்னருக்கு நேரமாச்சுன்னு நாந்தான் தடுத்தேன். பொய் எழுதினவன் நான்."

மருத்துவர் கன்னையனிடம் போய், "மன்னிச்சுக்கங்கண்ணா, தெரியாமப் பேசிட்டேன்" என்றார். காளியாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சலாவுதீன் பதிவேட்டை வாங்கி, கட்டில் ஓரத்தில் விரித்து வைத்தார். முப்பத்து மூன்று பெயர்களையும் வளைத்திருந்த அடைப்புக்கு எதிரே, "விருப்பமில்லை" என்ற சொல்லை ஒரே கோட்டால் அடித்தார். அதன்மேல், "உரிமையாளர் அனுமதிக்கவில்லை" என்று தெளிவாக எழுதிக் கையெழுத்தும் தேதியும் இட்டார்.

"நாளைக்குப் புதன்கிழமைதானுங்களே? காலையில வந்துருங்க அம்மணி. டேபிள், மிஷின் எல்லாம் நிறுத்திப்போடறேன். முன்ன பாத்த அஞ்சு பேரையும் சேத்து எத்தன பேருன்னு எழுதிக்கங்க."

"கன்னையண்ணன் இங்க இருக்காருங்க. அப்ப முப்பத்தேழு" என்றாள் அன்புசெல்வி.

"முப்பத்தெட்டு" என்று திருத்தினார் சலாவுதீன். "கடைசியில நான் நிக்கறேன்."