படம்: அற்புதம்

...பாராட்டு என்றுதானே நினைத்தேன், படத்தின் பின்பக்கம் பென்சிலில் ஒரே ஒரு சொல், அற்புதம், யாரோ பார்த்துவிட்டு மெச்சி எழுதியிருக்கிறார்கள் என்று நானும் படத்தைத் திருப்பி, ஆமாம், அற்புதம்தான் என்று தலையாட்டினேன். அந்தியூர்க் குதிரைச் சந்தை, மழைக்கு முகத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு வெள்ளைக் குதிரை, சுற்றிலும் நனைந்த தலைத்துண்டுகள்... எங்கள் இணைய இதழுக்கு வாசகர்களிடம் படம் கேட்டிருந்தோம், இது வந்த உறை ஆடி மழையில் ஊறி அனுப்பியவர் முகவரி கரைந்து நீலமாய் வழிந்திருந்தது. பென்சில் கரையவில்லை. பென்சில் சரியாகத்தான் சொன்னது, வாசிக்கத் தெரியாதவன் நான்தான். பேர் கிடைக்காட்டி உட்டுப்போட்டு ஏத்துங்க செங்கோட்டையன், இன்டர்நெட்டுல யாருங்க கேக்கப் போறாங்க என்று முதலாளி கிருபாசங்கர் சிரித்தார், நான் விடவில்லை, அடுத்தவர் படத்தைப் பேசாமல் போடுவது எனக்கு ஆகாது, அந்தியூர், பவானி, கோபி ஸ்டூடியோக்களுக்குப் பதினொரு கடிதம் போட்டேன், பதில் இரண்டு, எங்களுடையது அல்ல. பிறகுதான், நேர்மையாக இருக்கட்டும் என்று படத்தின் கீழே அந்த வரியைச் சேர்க்கச் சொன்னேன்: எடுத்தவர் பெயர் தெரியவில்லை.

அந்த வரியைத்தான் படத்தை எடுத்த அம்மா படித்திருக்கிறார். காலையில் வந்த கடிதத்தை மூன்றாம் முறை பிரிக்கிறேன், சத்தியமங்கலத்திலிருந்து ஜெரால்டு என்பவர், கோடு போட்ட தாளில், கோபமே இல்லாமல்... ‘என் மனைவி பெயர் அற்புதம். அவள் எடுத்த படம் எதிலும் வந்ததில்லை. உங்கள் பக்கத்தைப் பிரவுசிங் சென்டரில் அச்செடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு, பேரு தெரியாத ஆளாமுங்க நானு, நல்லாத்தான் இருக்குது போங்க என்று சிரித்தாள். தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஒன்பதாம் நாள் போய்விட்டாள். இனியாவது பெயரைப் போடுங்கள். அவள் எழுதினபடி அற்புதம் என்று மட்டும் இருந்தால் போதும்.’ கோபப்பட்டு நாலு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா... ஒன்பது நாள், அந்த ஒன்பது நாளில் ஒரு நாள் நான் அந்தப் பென்சில் எழுத்தை இன்னொரு தடவை பார்த்திருந்தால்? மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பில் எனக்கு அடுத்த பலகையில் ஓர் அற்புதம் உட்கார்ந்திருந்தாள், தினமும் காலையில் வாத்தியார் அந்தப் பெயரைக் கூப்பிடுவார், கேட்டு வளர்ந்தவன்தானே, இது பெயர் என்று ஏன் தோன்றவில்லை?

பக்கங்களை ஏற்றும் சண்முகப்பிரியா வரியை மாற்றிவிட்டு, வாங்க என்று என்னைக் கூப்பிட்டாள், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, திரையில் குதிரை, கீழே ‘படம்: அற்புதம்’. ஏனுங்ணா, நம்ம படத்தை நாமளே மெச்சிக்கிட்டாப்ல இருக்குதுங்களே என்றாள், பாவம், அவளுக்குக் கடிதத்தைப் பற்றித் தெரியாது. திருமதி சேர்க்கலாமா, ஊர்ப்பேர் போடலாமா... மட்டும் என்று ஜெரால்டு எழுதியிருக்கிறாரே. அப்படியே இருக்கட்டும் அம்மணி என்றேன். இனிப் பார்க்கிறவர்களெல்லாம் என்னைப் போலவே தலையாட்டிவிட்டுப் போவார்களோ?

பதில் எழுத உட்கார்ந்தேன், இடது மூலையில் அனுப்புநர், வலது மூலையில் தேதி, 18.11.99, மதிப்பிற்குரிய ஐயா... அங்கே கை நின்றது. கோப்பை எடுத்துப் பதினொரு நகல்களையும் புரட்டினேன், ஐயா, ஐயா, ஐயா, ஆளே தெரியாமல் தேடியபோதும் ஐயா, குதிரைச் சந்தையில் கேமராவோடு நிற்பவர் ஆணைத் தவிர வேறு யாராக இருக்க முடியும் என்று எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானாகவே... முகவரி மழையில் கரைந்தது சரி, இதை எந்த மழை மேல் போடுவது? தாளை உருவிவிட்டு வேறொன்று வைத்தேன். ஜெரால்டுக்கான பதில் அப்புறம். மதிப்பிற்குரிய அம்மா என்று எழுதினேன், பெறுநர் என்ற இடத்தில் பெயரையும் எழுதினேன், முகவரிக்கு எப்போதும்போல மூன்று வரி விட்டிருக்கிறேன்...