ஞானவேல் மன்னித்துவிட்டார்

எங்கள் ஊரில் பெரிய பூண்டு விவசாயி குழந்தைவேல். அவருடைய ஒரே மகன் ஞானவேலைப் போல ஒரு நல்லவனை நான் பார்த்ததே இல்லை. கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே நான் வேலை பார்த்த ப்ரௌசிங் சென்டரில், மூலைக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து அவன் நல்லவனாக இருப்பான். எழுந்த பிறகு என்னவாக இருந்தான் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அது இரண்டாயிரத்து நாலாம் வருஷம். சென்டருக்கு வரும் மற்றவர்கள் ஆளைச் சுட்டுத் தள்ளுகிற கேம் ஆடிவிட்டுப் போய்விடுவார்கள். ஞானவேலுக்கு அதெல்லாம் ஆகாது. மதுரையில் காலேஜ் முடித்துவிட்டு, வேலை தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு மலையேறி வந்திருந்தான். வரும்போது ஒரு சிடியும் கொண்டுவந்தான். அந்த கேமில் அவன் ஒரு வீரன். வழியில் யாராவது வந்து ஏதாவது கேட்பார்கள். பதிலுக்கு மூன்று வரிகள் வரும். எதை அழுத்துகிறானோ அந்த மாதிரி ஆளாகிவிடுவான். நல்லது செய்தால் ஓரத்தில் ஒரு நீலக் கோடு ஏறும், கெட்டது செய்தால் இறங்கும். இதெல்லாம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. கேட்காமலே சொல்லுவான்.

"பாருங்கக்கா, கொள்ளக்காரன் கையில சிக்கிட்டான். கொல்லலாம், காசு வாங்கிட்டு விடலாம், இல்ல மன்னிச்சு விடலாம். நான் மன்னிச்சுட்டேன். கோடு எப்படி ஏறுது பாருங்க!"

ஏறத்தான் செய்தது. தப்பித்தவறி ஒரு கெட்ட வரியை அழுத்திவிட்டால் முகம் செத்துப்போகும். உடனே, முன்பு சேமித்து வைத்த இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடியும் யோக்கியனாகிவிடுவான். அந்த வசதி எனக்கோ என் அக்கா வடிவுக்கோ கிடையாது.

அக்கா அவர்கள் வீட்டுப் பூண்டுக் கொட்டகையில்தான் வேலை பார்த்தாள். எங்கள் அப்பா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். நாங்கள் இரண்டு பேரும் இந்த மலையிலேயே பிறந்தவர்கள்தான், ஆனாலும் ஊருக்கு நாங்கள் சிலோன்காரிகள். விதைப்பூண்டைக் கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டு அடியில் புகை போட வேண்டும். அந்தத் தீயைப் பார்த்துக்கொள்வது அக்காவின் வேலை. கொட்டகைச் சாவியும் அவளிடம்தான் இருந்தது.

ஒருநாள் ஞானவேல் தன் சித்தப்பா மகன் சக்திவேலின் ஜீப்பில் வந்து இறங்கினான். சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தான்.

"சக்தியண்ணன் பெரிய ஆளுக்கா. அப்பாவுக்குத் தெரியாம விதைப்பூண்டு மூட்டைய ஜீப்புல போட்டு வத்தலக்குண்டுக்கு எறக்கி விக்குது. அப்பாவுக்குத் தெரிஞ்சுச்சுன்னா தோல உரிச்சிருவாரு."

சொல்லிவிட்டு, கேமில் யாரோ அடைத்து வைத்திருந்த கைதிகளை விடுதலை செய்யப் போய்விட்டான். அவர்கள் வீட்டுப் பூண்டு, அவர்கள் பாடு என்று நானும் இருந்துவிட்டேன்.

அந்த வாரமே மூட்டை குறைந்தது தெரிந்துவிட்டது. சாவி யாரிடம்? சிலோன்காரியிடம். அப்புறம் என்ன விசாரணை வேண்டிக்கிடக்கிறது? குழந்தைவேல் ஊர்க்கூட்டம் கூட்டச் சொன்னார். திருடி என்று பேராகிவிட்டால் இந்த மலையில் ஒருத்தர் காட்டுக்கும் அக்காவைக் களை வெட்டக்கூடக் கூப்பிட மாட்டார்கள். நான் ஞானவேலிடம் போய் நின்றேன்.

"தம்பி, அன்னைக்கு நீங்க ஜீப்புலதான வந்தீங்க. சக்தியண்ணன் மூட்டைய எறக்குனதை மட்டும் கூட்டத்துல சொல்லிருங்க. வேற ஒண்ணும் வேணாம்."

அவன் மவுஸிலிருந்து கையை எடுத்தான். "என்னைய என்னான்னு நெனச்சீங்க? நான் இருக்கேன்ல. வடிவக்காவுக்கு ஒண்ணும் ஆகாது." சொல்லும்போது கண் கலங்கியது. நானும் நம்பித் தொலைத்தேன். கம்ப்யூட்டரில் ஒரு பொய் சொல்லாதவன் ஆயிற்றே.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. திருட்டுக்குச் சாட்சி இல்லையென்றால், பழி விழுந்தவர் குளித்துவிட்டு ஈரத்துணியோடு கோயிலுக்கு வர வேண்டும். கல்லில் சூடம் ஏற்றுவார்கள். 'நான் எடுக்கவில்லை' என்று சொல்லி, எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தால் சாமி பார்த்துக்கொள்ளும். ஆனால் அணைத்துவிட்டால், அதற்குப் பிறகு அவர்மேல் திருட்டுப் பழி சொல்லி ஊரில் ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. சாமி இருக்கிறதோ இல்லையோ, ஊர் வாய் அடைபடும். அக்காவுக்கு வேண்டியது அதுதான். கூட்டத்தன்று வெள்ளனே எழுந்து தலைக்குக் குளித்து, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து நின்றாள்.

பூசாரி சூடத்தை வைத்து, தீப்பெட்டியை எடுத்தார். ஞானவேல் எழுந்தான். எனக்கு உயிர் வந்தது.

"நிறுத்துங்க. எங்க வீட்டுப் பூண்டுதான? போனது போகட்டும். வடிவக்கா கஷ்டப்படுறவங்க. என்ன நெலமையில செஞ்சாங்களோ. நாங்க மன்னிச்சிட்டோம். இனிமே யாரும் அவங்கள ஒரு வார்த்த சொல்லக் கூடாது. வேலைக்கும் வரட்டும்."

கூட்டமே அசந்துபோனது. "என்ன மனசுய்யா!" என்றார்கள். முதலில் தலையாட்டியவன் சக்திவேல்தான். குழந்தைவேலுக்கு மகனைப் பார்த்து நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அக்கா மட்டும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. "நான் எடுக்கலீங்க. சூடத்த ஏத்துங்க, அடிக்கிறேன்."

"அதான் மன்னிச்சாச்சேத்தா," என்றார் குழந்தைவேல். "இன்னும் எதுக்குச் சத்தியம்? வெரசா போயிச் சோலியப் பாரு."

"எடுக்காததுக்கு என்னத்த மன்னிக்கிறீங்க? எனக்கு விளங்கல."

பூசாரி சூடத்தை எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டார். பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து நான் கத்தினேன். சக்திவேல், ஜீப்பு, வத்தலக்குண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஞானவேல் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "கூடப்பிறந்தவங்க இல்லையா, பாசத்துல பேசுறாங்க. விடுங்க," என்றான். என்னையும் மன்னித்துவிட்டான்.

அவன் அன்றைக்குக் காய்ச்சலென்று வீட்டில் படுத்துக் கிடந்திருக்கலாம். வந்து வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அக்கா சூடத்தை அணைத்துவிட்டுத் தலை நிமிர்ந்து வீட்டுக்கு வந்திருப்பாள். முகத்துக்கு நேரே பொய் சொல்லக்கூடக் கொஞ்சம் தைரியம் வேண்டும், இந்த உத்தமனுக்கு அதுவும் இல்லை.

மறுநாள் ஒன்றும் நடக்காதது போல சென்டருக்கு வந்தான். "எப்படிக்கா முடிச்சேன் பாத்தீங்களா? அண்ணனையும் காட்டிக் குடுக்கல, வடிவக்காவுக்கும் தண்டனை இல்ல. யாருக்கும் நஷ்டமில்ல."

"என் அக்காவுக்கு?"

"அதான் வேலை குடுத்தாச்சே," என்றான். கேள்வியே அவனுக்குப் புரியவில்லை.

வேலை கொடுத்தார்கள்தான். சாவியை வாங்கிக்கொண்டார்கள். சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்குப் போகும்போது அக்காவின் மடியை மட்டும் உதறிக் காட்டச் சொன்னார்கள். மற்ற காடுகளில் போய்க் கேட்டால், "மன்னிச்சு விட்டாங்களே, அந்தம்மாவா?" என்றார்கள். ஊருக்கு இனிமேல் சந்தேகமே இல்லை. திருடாதவளை யாராவது மன்னிப்பார்களா? கடைசியில் கன்னிவாடிப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்தில் வேலைக்குச் சொல்லி வைத்தாள்.

போகிற அன்று, திண்டுக்கல் பஸ் வரும்வரைக்கும் சென்டரில் என் மேஜைக்குப் பக்கத்தில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஞானவேல் வந்தான். அவளை அவன் கவனிக்கவில்லை. நேராக மூலைக்குப் போனான்.

"நீலக்கோடு முழுசா நெறஞ்சிருச்சுக்கா. இனிமே ஏறாது. போரடிக்குது. இந்தத் தடவை கெட்டவனா ஆடிப் பாக்கப் போறேன்."

பிறகு நாற்காலியில் நெளிய ஆரம்பித்தான். ஜமீன்தாரின் ஆளாக அவன் ஒரு விதவையைக் குடிசையிலிருந்து விரட்ட வேண்டுமாம். அவள் காலில் விழுந்து அழுகிறாளாம்.

"பாவமா இருக்குக்கா. போறதுக்கு எடமில்லங்குது. கை வர மாட்டேங்குது. நீங்களே சொல்லுங்க, வெரட்டவா வேணாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா எழுந்து போய் அவன் பின்னால் நின்றாள். அந்த அழுகிற பொம்பளையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வெரட்டி விடுங்க தம்பி. பொம்மதானே. அதுக்கு வேற ஊரு தேட வேண்டியதில்ல."

அவன் திரும்பிப் பார்த்தான். "வடிவக்கா..." என்றான். அவன் மேலே பேச அக்கா காத்திருக்கவில்லை. வெளியே பஸ்காரர் ஹாரன் அடித்தார், நான் பையை வாங்கிக்கொண்டு அவளோடு இறங்கினேன்.

ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது ஞானவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். கேமை அப்படியே மூடிவிட்டிருந்தான். அந்த விதவையை அவன் கடைசிவரைக்கும் விரட்டவில்லை.