கழட்டியிருப்பாரு

கடப்பாரையை இடக்கையால் தூக்கி, அது இறங்கும்போது வலக்கை மணிக்கட்டால் அணைத்துப் பிடித்து, நிதானம் மூலைக்குழியைக் குத்திக்கொண்டிருந்தார். அவருடைய வலக்கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். நடுவில் இருந்த மூன்றையும் தகர டப்பாவுக்கு மூடி அடிக்கும் பிரஸ் வாங்கிக்கொண்டது. குத்திய மண்ணை அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தவன் வத்தல். அவர் அந்த பிரஸ்ஸில் நின்ற காலத்தில் பக்கத்தில் நின்று தகடு எடுத்துக் கொடுத்தவன்.

"குடுங்கண்ணே, நான் கொஞ்சம் குத்தறேன்."

"நீ குத்துனா கடப்பாரைதான் உன்னத் தூக்கிக் குத்தும். மண்ண அள்ளு, போதும்."

வத்தல் சிரித்தான். சிரிக்கும்போதும் அந்தக் கையைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தான். காலையில் வந்ததிலிருந்து இதே பாடாக இருந்தது. குழியைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான், பக்கத்து வீட்டுக் கூரையைக்கூடப் பார்த்தான். ஆனால் வேலி போடும் இடத்தில் ஒருவர் கையைப் பார்க்காமல் கூடமாட வேலை செய்வது லேசுப்பட்ட காரியமில்லை.

நிதானம் என்பது தொழிற்சாலையில் வைத்த பெயர். மனிதர் எதற்கும் அவசரப்படமாட்டார். மணி அடித்ததும் மற்றவர்கள் கேட்டுக்கு ஓடுவார்கள். இவர் மிஷினைத் துடைத்து, துணியை உதறி மடித்து வைத்துவிட்டுத்தான் கிளம்புவார். டீயை அவர் ஆற்றிக் குடிப்பதற்குள் ஒரு சிப்ட் முடிந்துவிடும் என்று கேலி செய்வார்கள். அப்பேர்ப்பட்டவரைத்தான், மிஷினுக்கு முன்னால் மாட்டியிருந்த தடுப்பு வலையை அவசரத்தில் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்தார், தப்பு அவருடையதுதான், கம்பெனிக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். நஷ்டஈடும் இல்லை, வேலையும் இல்லை. சாட்சி இருக்கிறது என்றார்கள். யார் என்று சொல்லவில்லை.

சாட்சி வத்தல்தான்.

விசாரணைக்கு உள்ளே போவதற்கு முன் சூப்பர்வைசர் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார். அதுவரை அந்தக் கை அவன் தோளில் பட்டதேயில்லை. "உன்னை நிரந்தரமாக்கறதுக்கு நான் பேசிக்கிட்டிருக்கேன்டா. நீ பாட்டுக்கு உள்ள போய் ஏதாவது உளறி வைக்காத" என்றார். உள்ளே நாற்காலியில் இருந்தவர், தடுப்பு வலையைக் கழற்றியது யார் என்று கேட்டார். வலை என்று ஒன்றை வத்தல் அந்த மிஷினில் பார்த்ததே இல்லை. பார்த்ததில்லை என்றும் சொல்ல முடியவில்லை, அவர்தான் கழற்றினார் என்றும் சொல்ல வாய் வரவில்லை. "அவருதான் கழட்டியிருப்பாருங்க" என்றான்.

கழட்டினாரு என்று அவன் சொல்லவில்லை. கழட்டியிருப்பாரு என்றுதான் சொன்னான். இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அந்த ஒரு சொல்லுக்குள் தான் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது என்று அன்று அவனுக்குத் தோன்றியது. எழுதியவர் 'கழற்றினார்' என்று எழுதிப் படித்துக் காட்டினார். வத்தல் தலையை ஆட்டினான். அடுத்த மாதம் அவன் நிரந்தரமானான். நிதானம் நின்ற இடத்திலேயே அவனை நிறுத்தினார்கள். அன்றிலிருந்து அவர் வீட்டுப் பக்கமே போகாமல் இருந்தான். வேலி போடப்போகிறேன், உதவிக்கு ஆள் வேண்டும் என்று அவரே சொல்லி அனுப்பியபோது மறுக்க ஒரு பொய்கூட அகப்படவில்லை.

வேலி விளையாட்டுக்குப் போடுவதில்லை. வேலை போனபின் வீட்டுக்குப் பின்னால் கிடந்த கட்டாந்தரையைக் கொத்தி, கல் பொறுக்கி, தக்காளியும் மிளகாயும் கத்தரியும் போட்டிருந்தார் நிதானம். முதல் தடவை காய்ப்புக்கு வந்த சமயத்தில் தெருவில் திரியும் ஆடுகள் ஒரே மத்தியானத்தில் எல்லாவற்றையும் மொட்டையடித்துவிட்டுப் போயின. இப்போது மறுபடி நட்டு, மறுபடி பூ வந்திருந்தது. வீட்டில் வரும்படி என்பது அவர் மனைவி சலவைக் கடையில் போர்வை அலசிக் கொண்டுவருவதுதான். இந்தத் தடவையும் ஆடு மேய்ந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

குழிகளில் கம்பங்களை நிறுத்திக் கல்லைப் போட்டு இறுக்கினார்கள். எல்லாம் வேறு வேறு இடத்தில் பொறுக்கிய கம்பங்கள். ஒன்று தண்ணீர்க் குழாய், ஒன்று கட்டில் கால், மற்றவை கோணல்மாணலான மரங்கள். நிதானம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் போய் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "உன் பக்கம் ஒரு முடி சாய்" என்பார். வத்தல் சாய்த்தால் "முடின்னா உன் தலைமுடிடா, குதிரை வாலா?" என்பார்.

அவர் மனைவி வேலைக்குப் போகாத நாள் அது. தோய்த்துத் தோய்த்து வெளுத்துப்போன கைகளால் இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு வேலியைச் சுற்றிவந்தாள்.

"வாசப் படல் எங்க வைக்கப் போறீங்க?"

"இங்கதான்."

"இங்க வச்சா நான் குடத்தோட எப்படித் திரும்பறது? சுவத்துல முட்டிக்கவா?"

"பக்கவாட்டுல திரும்பி வா."

"நான் என்ன நண்டா?" என்றாள் அவள். வத்தல் டீயைச் சிந்திக்கொண்டு சிரித்தான். கடைசியில் படல் அவள் சொன்ன இடத்துக்கே போனது. நிதானம் இன்னொரு குழி குத்த வேண்டியதாயிற்று.

"நல்லவேளை தம்பி, நீங்க வந்தீங்க" என்றாள் அவள், டம்ளரை எடுத்துக்கொண்டே. "கம்பெனியில இவரோட சாப்பிட்டவங்க, பழகினவங்க ஒருத்தரும் எட்டிப் பாக்கல. நீங்கதான் சூப்பர்வைசர்கிட்ட கேட்டு வேலிக்கு வலையெல்லாம் வாங்கிட்டு வந்திருக்கீங்க. எவனோ ஒரு பாவி இவருக்கு எதிரா சாட்சி சொன்னானாமே. அவன் கை…"

"ஏய்!" என்றார் நிதானம்.

அவர் குரலை உயர்த்தி வத்தல் கேட்டதில்லை. அவளும் கேட்டிருக்கமாட்டாள் போல. வாயைத் திறந்தபடி நின்றாள்.

"யார் கையப் பத்தியும் அப்படி வாயில வரக்கூடாத பேச்செல்லாம் பேசாத. உள்ள போ."

அவள் முகம் சுருங்கி உள்ளே போனாள். வத்தல் குனிந்து, ஏற்கெனவே இறுகியிருந்த கம்பத்தின் அடியில் இன்னும் ஒரு கல்லைத் திணித்தான். அவருக்குத் தெரிந்திருக்கிறது. இன்று நேற்றில்லை, முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. அந்த மூலையில் அன்றைக்கு இருந்தது அவர்கள் இரண்டு பேர்தானே. தெரிந்தும் கூப்பிட்டிருக்கிறார், தெரிந்தும் டீ கொடுத்திருக்கிறார். காதுமடல் சுட்டது. அந்தக் குழியிலேயே தன்னை நட்டு மண்ணைத் தள்ளிவிட்டால் தேவலை என்றிருந்தது.

வலைக்கட்டு சாக்கில் சுற்றியபடி சுவரோரம் கிடந்தது. ஸ்டோருக்குப் பின்னால் கிடந்த பழைய இரும்பில் எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்று சூப்பர்வைசர் தாராளமாகச் சொல்லியிருந்தார். "பாவம், நம்மாலான உதவி" என்றும் சொன்னார். துருவேறிய கோழிவலைச் சுருள் ஒன்று இருந்தது. கூடவே இரும்புச் சட்டம் போட்ட மஞ்சள் வலை ஒன்று, தூசியைத் தவிரப் பழுதில்லாமல் இருந்தது. இடுப்பளவு உயரம். படலுக்கென்றே செய்ததுபோல் இருக்கிறதே என்று வத்தல் சந்தோஷமாக அதையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தான்.

கோழிவலையைக் கம்பங்களில் இழுத்துக் கட்டி முடித்தார்கள். பிறகு நிதானம் சாக்கை உருவி மஞ்சள் சட்டத்தை வெளியே எடுத்தார். எடுத்தவர் அதைக் கொஞ்ச நேரம் முழங்காலில் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தார். சட்டத்தின் நாலு மூலையிலும் போல்ட் போடத் துளை இருந்தது. அதன் வழியாகக் கட்டுக்கம்பியை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. பாலில் ஆடை படிந்ததுபோல் துளையின் மேல் பெயிண்ட் படிந்து அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டினார். அடுத்த துளையைப் பார்த்தார், அதுவும் அப்படியே. நாலும் அப்படியே.

"இது என்னன்னு தெரியுதாடா?"

"ஏதோ ஜன்னல் சட்டம்னு நினைச்சேண்ணே."

"பிரஸ்ஸோட வலை. மிஷின் வந்து எறங்கின அன்னிக்கு நான்தான் இதத் தூக்கிட்டுப் போய் ஸ்டோர்ல வச்சேன். இத மாட்டினா கை வேகமா ஓடாது, மூடி கொறையும், அப்புறம் பாக்கலாம்னாங்க." துளையில் ஆணியை வைத்துக் கல்லால் தட்டினார். பெயிண்ட் சில்லு தெறித்து விழுந்தது. "ஒரு நாள் மாட்டியிருந்தாலும் போல்ட் இறங்கி பெயிண்ட் பேந்திருக்கும். பாரு."

வத்தல் பார்த்தான். இந்தத் தடவை பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவர் கழற்றியிருப்பார் என்று தான் சொன்ன பொருள் இன்னதென்றுகூடத் தெரியாமல், அதைத் தன் தோளிலேயே சுமந்து கொண்டுவந்து, அவர் வீட்டு வாசலில் பெருமையாக இறக்கி வைத்திருக்கிறான். கட்டிக்கொண்டு வரும்போது வழியில் பாட்டு வேறு முனகியிருக்கிறான்.

"இத நான் கழட்டியிருப்பேனா?" என்று கேட்டார் நிதானம்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். கேலியும் இல்லை, கோபமும் இல்லை; சந்தேகம் கேட்பதுபோல்தான் கேட்டார். வத்தலுக்குக் கண் கலங்கியது. "அண்ணே, எனக்கு… அவங்க நிரந்தரம் பண்றேன்னு…" என்று தொடங்கினான்.

"கட்டுக்கம்பிய எடு."

நாலு துளையையும் தட்டித் திறந்து, ஒரு பக்கத்துத் துளைகளில் கம்பி கோத்து, சட்டத்தைக் கம்பத்தோடு சேர்த்து நிதானம் முறுக்கினார். கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் கம்பியைப் பிடித்து, இடக்கையால் குறடு போட்டுத் திருகினார். கம்பி நழுவியது. மறுபடி பிடித்தார். வத்தல் சட்டத்தைத் தாங்கிக்கொண்டு நின்றான். படல் ஏறி நின்றது. திறந்தார், மூடினார். சத்தமில்லாமல் ஆடியது.

"இப்ப அந்த மிஷின்ல யாரு நிக்கறா?"

"நான்தாண்ணே."

"வலை இல்லாமயா?"

வத்தல் படலில் படிந்திருந்த தூசியைத் துடைத்தான். நிதானம் அவனையே பார்த்தார். அப்புறம் குறடை எடுத்து, சற்றுமுன் முறுக்கிய கம்பியைப் பிரிக்க ஆரம்பித்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"எடுத்துட்டுப் போ. துளை தெறந்தாச்சு. நாலு போல்ட்டுதான், கால் மணி நேர வேலை. இங்க ரெண்டு முள்ளுக்கட்டை வச்சு அடைச்சுக்கறேன்."

"வேண்டாண்ணே."

"என்ன வேண்டாம்? உனக்கும் கை இருக்குல்ல? பொண்டாட்டி புள்ளை இருக்குல்ல?"

"மாட்ட விடமாட்டாங்கண்ணே." வத்தல் படலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "இத்தன நாள் எங்கடா இருந்துச்சுன்னு கேப்பாங்க. ஸ்டோர்ல இருந்துச்சுன்னா, அப்ப நீ சொன்னது என்னன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது? அதோட… மூடிக் கணக்கு வேற ஏத்திட்டாங்க. வலைய மாட்டிட்டு அத எட்ட முடியாது."

சொல்லி முடித்ததும்தான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. அவருக்காக வாயைத் திறக்காதவன், தன் கைக்காகவும் திறக்கப்போவதில்லை. இதைவிடக் கேவலம் வேறு இருக்கிறதா என்று நினைத்தான். ஆனாலும் படலைப் பிடித்த பிடியை விடவில்லை.

நிதானம் பிரித்த கம்பியைப் பார்த்தார். பிறகு அதே கம்பியை நேராக்கி, மறுபடி துளையில் கோத்து, முன்னைவிட இறுக்கமாக முறுக்கினார். மிச்சத்தை நறுக்கி, யாருக்கும் குத்தாமல் முனையை உள்பக்கம் மடித்துவிட்டார். உள்ளே தக்காளிச் செடிகளில் மஞ்சளாகப் பூ விட்டிருந்தது.

எழுந்து படலை மூடிக் கொக்கி போட்டுவிட்டு, "கைய விட்டுப் பாரு" என்றார்.

"எங்கண்ணே?"

"வலையிலதான். உள்ள போகுதா பாரு."

வத்தல் தன் வலக்கையை விரித்து மஞ்சள் வலையில் வைத்து அழுத்தினான். விரல் நுனிகள் மட்டும் நுழைந்து நகத்தோடு நின்றுவிட்டன. இன்னும் அழுத்தினான். ஐந்து விரலும் கம்பியில் பதிந்து வலித்தன.

"போகலண்ணே."

"ம்" என்றார் நிதானம். "அப்ப ஆடும் போகாது."