லுண்டுப் யாக் அல்ல என்பதற்கான நிரூபணம்

1
இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. எங்கள் மடத்து முற்றத்தில் பிக்குகள் கைதட்டி, காலை ஓங்கி மிதித்துத் தர்க்கம் செய்வதைப் பார்த்து, நானும் ஒரு தர்க்க நூல் எழுத உட்கார்ந்தேன். முதல் வரி: "தர்க்கமே மனிதனை மிருகத்திலிருந்து பிரித்து..." அடித்துவிட்டேன். அன்று நடந்தது நேர்மாறு.

2
லுண்டுப், வயது முப்பத்தொன்று. தொடக்க வகுப்பில் ஒன்பதாம் ஆண்டு. அன்றைய தர்க்கத் தேர்வில் தேறாவிட்டால் கடைசிவரை சமையற்கட்டுதான். அம்மாவுக்கோ, தான் பெரிய பண்டிதன் என்று கடிதம் எழுதியிருந்தான். அதை நம்பி ஆறு நாள் நடந்து வந்தவள் மதிலோரம் வெண்ணெய்ப் பையோடு உட்கார்ந்திருந்தாள்.

(அழவைக்க அம்மாவைக் கொண்டுவந்தேன் என்று நினைக்க வேண்டாம். யாக் எனும் பனிமலை மாட்டை மேய்ப்பவர் ஒருவர் தேவைப்பட்டார்.)

3
உட்கார்ந்து பதில் சொல்பவனுக்கு அனுமதி நாலே விடை: 'சம்மதம்', 'ஏன்', 'காரணம் நிக்கல', 'வியாப்தி இல்ல'. மூன்றாவதற்குப் பொருள், சொன்ன காரணமே பொய் என்பது. கடைசியானதற்குப் பொருள், காரணம் மெய்தான், ஆனால் முடிவு அதிலிருந்து வராது என்பது.

நின்று கேள்வி கேட்டவன் சக பிக்கு பால்ஜோர். யாக் குளிருக்கு அஞ்சாது என்றான். லுண்டுப் சம்மதித்தான். நீயும் அஞ்சமாட்டாயே என்றான் பால்ஜோர். அம்மா பார்க்கிறாளே, அதற்கும் சம்மதித்தான்.

"அப்ப நீங்க ஒரு யாக்*, பண்டிதரே."

'வியாப்தி இல்ல' என்றிருக்க வேண்டும். பழகிய வாய் சொன்னது:

"சம்மதம்."

முற்றமே சிரித்தது.

* கவரிமா என்று எழுதலாம். மானம் போனால் உயிரை விடுமாம். இவன் இருந்த நிலையில் அந்தச் சொல் ஆபத்து.

4
அம்மா எழுந்தாள்.

"நாப்பது வருசமா யாக் மேய்க்கிறேன் தம்பி. யாக்குன்னா சுமை தூக்கும். எம்புள்ள பண்டிதன், ஒரு நாளும் சுமை தூக்கினதில்ல. அப்புறம் எப்படிய்யா அவன் யாக்கு?"

பால்ஜோரின் கை அந்தரத்தில் நின்றது. பழுதில்லாத வாதம்! தேர்வாளர் லுண்டுப்பின் பக்கம் திரும்பினார்.

"உங்கம்மா சொன்ன காரணம் நிக்குதாப்பா? இதுதான் கடைசிக் கேள்வி."

5
நிற்காது. ஒன்பது குளிர்காலமாகச் சமையற்கட்டுக்குத் தண்ணீர் சுமந்தவன் அவன்தான். 'காரணம் நிக்கல' என்றால் தேறுவான், அம்மாவின் பண்டிதன் போய்விடுவான். 'சம்மதம்' என்றால் பண்டிதன் பிழைப்பான், லுண்டுப் சமையற்கட்டுக்குப் போவான்.

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அம்மா பேசாமல் எழுந்து... வேண்டாம். ஒன்றில் தேர்வாளருக்குத் தும்மல் வந்தது, வெட்கக்கேடு. மூன்றாவதில் எல்லோரும் யாக்.

லுண்டுப் வாயைத் திறந்துவிட்டான். நீங்களே பக்கத்தில் போய் விடையை அவன் காதில் சொல்லுங்கள். மெல்லச் சொல்லுங்கள், அம்மாவுக்குக் காது கூர்மை.