குண்டு தனி, மருந்து தனி

சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கத் தொடங்கியவர்கள், பெஸ்ஸோனவ் கையை உயர்த்தியதும் கயிற்றை இழுத்துப் பிடித்து நின்றுவிட்டார்கள். அவர் பேசி முடித்த பிறகுதான் இறக்க வேண்டுமாம். கயிறு பிடித்தவர்களில் ஒருவன் க்ளெப், செத்தவரின் மகன். படைப் பயிற்சி முகாமிலிருந்து ஒரு நாள் விடுப்பில் வந்திருந்தான்.

"தோழர்களே! நம்ம புது டாங்கிக்கு எந்த பீரங்கி வைக்கலாம்னு நாம தடுமாறி நின்னப்ப, பெருசையே வைங்கன்னு தைரியம் சொன்னவர் லவ்ரெந்தி ஒசிபோவிச். தான் நேசிச்ச பீரங்கி பக்கத்துலயே உயிரை விட்டிருக்கார்!"

பெஸ்ஸோனவ் டாங்கித் தொழிற்சாலையின் துணைத் தலைவர். உரால் மலைக்காற்றில் அவர் வாயிலிருந்து ஆவி ஆவியாக வந்தது. செத்தவரின் மகள் அக்னியாவுக்குக் காது கூசியது.

அந்த டாங்கியை வடிவமைத்தவர்களில் அப்பாவும் ஒருவர். இலையுதிர்காலம் முழுவதும் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கூட இதற்காகத்தான் கத்திக்கொண்டிருந்தார். பெரிய பீரங்கியின் குண்டை ஒரே தூக்கில் உள்ளே தள்ள முடியாது. அவ்வளவு கனம். குண்டு தனி, அதைச் சுடும் வெடிமருந்து தனி. ஒன்றைத் தள்ளி, குனிந்து, மற்றதை எடுத்துத் தள்ளுவதற்குள் எதிரி மூன்று முறை சுட்டுவிடுவான். இன்னொரு பீரங்கி இருந்தது. குழல் கொஞ்சம் சிறியது. குண்டும் மருந்தும் ஒன்றாகவே இருக்கும். அதை வையுங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் அடித்துப் பேசினார். "கைக்குழந்தைக்கா பீரங்கி செய்யறோம், லவ்ரெந்தி ஒசிபோவிச்?" என்று அங்கே சிரித்தார்களாம்.

சோதனை நாளில் பெரிய பீரங்கிக்குக் குண்டு போட வந்தவர்கள் இரண்டு பளுதூக்கும் வீரர்கள். நன்றாகத் தின்று தூங்கி எழுந்து வந்தவர்கள். "சர்க்கஸ் காட்டறாங்க. போர்முனைல அரைவயித்தோட, தூக்கமில்லாம கிடக்கறவன்ல தூக்கணும்?" என்றார் அப்பா. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதனால் முந்தாநாள், இரவுப் பணி முடித்த கையோடு, ஐம்பது தாண்டிய அந்த மனிதர் களைத்தவனுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று காட்ட, தானே டாங்கிக்குள் ஏறிக் குண்டு போட ஆரம்பித்தார்.

உள்ளே அவருடன் இருந்தவன் சோதனை ஓட்டுநர் யெஃபீம். "போதும், இறங்குங்கன்னேன். 'நேரத்தைக் குறிச்சுக்கடா'ன்னார். திருப்பித் திருப்பி அதையே சொன்னார். அப்புறம் குண்டை மடியில வச்சுக்கிட்டு உக்காந்தார். அவ்வளவுதான்" என்று சொல்லி அழுதவன், இப்போது குழிக்கு எதிர்ப்பக்கம் நின்று பனியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொய்!" என்றாள் அக்னியா.

அம்மா அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். அக்னியா அதை உதறினாள். "அப்பா அந்த பீரங்கி வேண்டாம்னுதான் சொன்னார்! எல்லாருக்கும் தெரியும். யெஃபீம், சொல்லேன்!"

யெஃபீம் தலையைத் தூக்கவில்லை. பெஸ்ஸோனவ் வாத்தியக்காரர்களைப் பார்த்தார். பித்தளைக் குழல்கள் ஒரேயடியாக முழங்கின. அவள் கத்திக்கொண்டே இருந்தாள், யாருக்கும் கேட்கவில்லை. அந்தச் சத்தத்திலேயே அப்பா கீழே இறங்கினார்.

இழவு விருந்துக்கும் பெஸ்ஸோனவ் வந்தார். பீட்ரூட் பாகு ஊற்றிய கோதுமைச் சோறும், கறுப்பு மாவில் சுட்ட அப்பங்களும் இருந்தன. அம்மா அவர் தட்டில் மூன்று அப்பம் வைத்து, கோப்பையில் வோட்கா ஊற்றினாள்.

"இங்க பாரும்மா" என்று அக்னியாவிடம் தணிந்த குரலில் சொன்னார். "உங்கப்பா கேட்ட பீரங்கிக்குக் குண்டு செய்யற பட்டறை ஒண்ணு கூட இன்னும் ஓடல. பெருசுக்குக் குண்டு மலையா குவிஞ்சு கிடக்கு. குண்டில்லாத டாங்கிய அனுப்பி வைக்கவா?"

"அதை அங்க சொல்லியிருக்கலாமே. அவர் வேண்டாம்னார், வேற வழியில்லாம நாங்க வச்சோம்னு சொல்லியிருந்தா நானே கை கொடுத்திருப்பேன். உங்க முடிவை எதுக்கு அவர் வாயில திணிச்சீங்க? செத்தவர் எழுந்து வந்து கேக்கமாட்டார்னா?"

"செஞ்சவரே வேண்டாம்னார்னு தெரிஞ்சா, பசங்க எப்படி நம்பி அதுல ஏறுவாங்க?"

"ஏறுவாங்க. இவனைக் கேளுங்க." தம்பியின் பக்கம் திரும்பினாள். "க்ளெப், உனக்கு என்ன வேலைடா கொடுத்திருக்காங்க?"

க்ளெப் வாயிலிருந்ததை விழுங்கினான். "குண்டு போடற வேலை."

"எந்த டாங்கில?"

"புதுசுலதான்க்கா."

அதுவரை அவளுக்கே தெரியாது. ஏதோ ஒரு டாங்கி என்றுதான் நினைத்திருந்தாள். "அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"சொல்லல. போன வாரம்தான் போட்டாங்க. எனக்காகத்தான் சண்டை போடறார்னு ஊர் பேசும்னு விட்டுட்டேன்."

பெஸ்ஸோனவ் க்ளெப்பைப் பார்த்தார். சட்டைக் கழுத்துக்குள் அவன் கழுத்து குச்சிபோல நின்றது. பிறகு எழுந்தார். நின்றபடியே கோப்பையைக் காலி செய்தார். அம்மாவுக்குத் தலை குனிந்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கதவு சாத்தப்பட்டதும் அம்மா எழுந்து வந்தாள். அவர் தொடாமல் விட்டுப்போன மூன்று அப்பங்களையும் எடுத்து க்ளெப்பின் தட்டில் வைத்தாள். பிறகு தன் தட்டிலிருந்ததையும் வைத்தாள்.

"போதும்மா, வயிறு நெறஞ்சிருச்சு."

"சாப்பிடு" என்றாள். அவன் பக்கத்திலேயே நின்று, சட்டைத் துணிக்கு மேலாக அவன் புஜத்தை விரல்களால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.