கட்டை ஸ்பிறிங்

கனிசியசுக்குக் கார்ப் பைத்தியம் என்பது குருநகர் முழுக்கத் தெரிந்த விஷயம். இறால் கொம்பனியில் மாடாய் உழைத்ததெல்லாம் ஒரு பழைய லான்சர் காருக்குள் போயிற்று. எண்பத்தைந்தில் தங்கச்சி ஸ்ரெல்லாவுக்குக் கலியாணம் பேசி முடித்தபோது அவனுக்கு ஒரே ஆசைதான் இருந்தது. கலியாணப் பெண்ணை ஏற்றிப்போகும் பொம்பிளைக் கார் தரையோடு தரையாகப் பதிந்து ஓடவேண்டும், பார்க்கிறவன் வாயைப் பிளக்கவேண்டும்.

அண்ணன் கிறிஸ்துநாயகத்துக்குக் கப்பலில் வேலை. அடுத்த பயணம் யப்பானுக்கு என்றதும் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"காரைப் பதிக்க ரெண்டு விதம் இருக்கடா. ஒண்டு கட்டை ஸ்பிறிங். போட்டால் போட்டதுதான், கார் பதிஞ்சே நிக்கும். மற்றது சொக் அப்சோபரோடை சேர்ந்து வாறது. அதிலை மரை வெட்டி ஒரு வளையம் இருக்கும். வளையத்தைத் திருகினால் கார் உயரும், பதியும். எங்கடை றோட்டுக்கு அதுதான் தோது. ஆக்கள் ஏறுற நாளிலை உயர்த்தி விடலாம்."

"உயர்த்துறதுக்கோ அண்ணை பதிக்கிறது? கட்டையையே கொண்டு வாங்கோ."

வந்த கட்டை ஸ்பிறிங்கைப் பூட்டி, பண்ணைப் பாலத்தால் ஓடிப் பார்த்தான். கார் வழுக்கிக்கொண்டு போயிற்று. "ஆளில்லாமல் வடிவாய்த்தான் ஓடுது" என்றார் அண்ணன். அந்தக் குத்தல் அவன் காதில் ஏறவில்லை. நம்முடைய ஊரில் எவனாவது காரில் தனியே போயிருக்கிறானா? அதுவும் பொம்பிளைக் காரில் ஏற வந்த சொந்தத்திடம் இடமில்லை என்று சொன்னால் அந்தச் சொந்தம் அன்றோடு சரி. இது தெரியாத பிள்ளை அல்ல அவன். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

கலியாணத்தன்று கனிசியஸ்தான் ஓட்டினான். முன்னுக்குத் தகப்பன் ஏறினார், அவரோடு நெருக்கிக்கொண்டு ஒரு சித்தப்பா. பின்னுக்கு ஸ்ரெல்லா, தோழி, மாமி ஒருத்தி, கடைசியாகப் பெரியம்மா லூர்த்தம்மா. லூர்த்தம்மா கொஞ்சம் பாரமான மனுசி, முழங்காலிலும் வருத்தம். தாய் கண்ணை மூடிய பிறகு ஸ்ரெல்லாவையும் கனிசியசையும் வளர்த்தெடுத்தவள் அவள்தான். ஸ்ரெல்லாவுக்கு ஞானத்தாயும் அவளே. தகப்பன் ஒரு பக்கம், ஞானத்தாய் மறுபக்கம் நின்று பெண்ணைக் கோயிலுக்குள் கூட்டிப்போவதாகப் பேச்சு.

ஒழுங்கை முடிந்து பெரிய றோட்டில் ஏறும் இடத்தில், வாய்க்காலுக்கு மேலே மேடாய் ஒரு மதகு. கார் அதில் ஏறியது, 'கிறீச்' என்றது, வயிறு முட்டி நின்றுவிட்டது. கடையடியில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வாயைப் பிளப்பார்கள் என்று அவன் நினைத்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கனிசியசுக்கு முகம் எரிந்தது.

"பெரியம்மா, இறங்குங்கோ. நீங்கள் இருக்குமட்டும் இது எழும்பாது."

கடையடியில் பெரிதாகவே சிரித்தார்கள். லூர்த்தம்மா கதவைப் பிடித்து, ஒரு காலை வைத்து, மற்றக் காலை இழுத்து இறங்கினாள். கார் எழும்பியது, மதகைக் கடந்தது. அங்கே நிறுத்தி அவளை ஏற்றியிருக்கலாம். அவன் நிறுத்தவில்லை.

"சின்னண்ணை, பெரியம்மா!" என்று கத்தினாள் ஸ்ரெல்லா.

"அங்காலை இன்னொரு மதகு கிடக்கு. ஆரும் கூட்டியருவினம். பூசைக்கு நேரமாச்சு."

ஒருவரும் கூட்டிவரவில்லை. ஸ்ரெல்லா கோயில் வாசலில் நின்றுவிட்டாள், பெரியம்மா வராமல் உள்ளே கால் வைக்கமாட்டேன் என்று. மாப்பிள்ளை வீட்டார் ஆளை ஆள் பார்த்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் லூர்த்தம்மா வந்தாள். செருப்பு கையில் இருந்தது, பட்டுச்சேலைக் கரையெல்லாம் புழுதி. ஒவ்வொரு அடிக்கும் முகம் சுருங்கியது. கனிசியசுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

"ஐயோ, ஏன் நடந்து வாறியள்? காரிலை கூட்டியரேல்லையோ?" என்று மாப்பிள்ளையின் தாய் அருமைநாயகி கேட்டாள்.

ஸ்ரெல்லா சின்னண்ணனைப் பார்த்தாள். அவள் வாய் திறப்பதற்குள் லூர்த்தம்மா முந்திக்கொண்டாள்.

"அது நேர்த்தி தங்கச்சி. இவளின்ரை கலியாணத்துக்கு நடந்து வாறன் எண்டு அந்தோனியாருக்கு நேர்ந்தனான்."

"இந்தக் காலோடையோ! பிள்ளை குடுத்து வைச்சவள்" என்று அருமைநாயகி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் மெச்சினார்கள். அந்த மெச்சலைக் கேட்டுக்கொண்டு நின்றதைவிட கனிசியசுக்குக் கன்னத்தில் ஒன்று விழுந்திருந்தால் ஆறுதலாய் இருந்திருக்கும்.

பூசை முடிந்ததும் அவன் முதலில் செய்த வேலை, சித்தப்பாவையும் மாமியையும் வேறு காரில் ஏற்றியது. பிறகு முன்கதவைத் திறந்துகொண்டு நின்றான்.

"பெரியம்மா, ஏறுங்கோ."

அருமைநாயகியும் பெண்டுகளும் பக்கத்திலேயே நின்றார்கள். லூர்த்தம்மா அவர்களுக்கும் கேட்கும்படி சிரித்தாள். "என்ன மோனை, நேர்த்தி போகவும் வரவும்தானே."

நேர்த்தியுமில்லை மண்ணாங்கட்டியுமில்லை, நான்தான் இறக்கிவிட்டனான் என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். இத்தனை சனம்.

அவள் கிட்ட வந்து, அவன் சேட்டுக் கொலரைச் சரிசெய்வது போல் குனிந்து, அவனுக்கு மட்டும் சொன்னாள். "நீ பிள்ளையளை ஆறுதலாய்க் கொண்டு போ ராசா. மதகிலை கவனம்."

பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.